உதவிப் பக்கங்களில் ஒரே வழிமுறை எத்தனை இடத்தில்?

ஆசிரியருக்கு வணக்கம்.

செயலிகளின் உதவிப் பக்கங்கள் பக்கத்துக்கு ஒரு பேச்சு பேசுவது வாசகர்கள் பலருக்குப் பழகிப்போன எரிச்சல். ஒரு பக்கம் கடவுச்சொல்லுக்கு 8 எழுத்து போதும் என்கிறது. இன்னொரு பக்கம் 12 வேண்டும் என்கிறது. செயலியோ இரண்டையும் ஏற்காமல், சிறப்புக் குறியீடு ஒன்றாவது சேர்க்கச் சொல்லி நிற்கிறது. எழுதியவருக்கு அக்கறை இல்லை என்றுதான் நினைக்கத் தோன்றும். பெரும்பாலும் காரணம் வேறு. அந்த வழிமுறை ஐந்தாறு இடங்களில் நகலாகக் கிடக்கிறது. மென்பொருள் மாறியபோது யாரோ இரண்டு நகலை மட்டும் திருத்திவிட்டு, வேலை முடிந்தது என்று போயிருக்கிறார்கள்.

உதவிக் கட்டுரைகளை எழுதுவதும் ஒழுங்குபடுத்துவதும் எங்கள் தொழில். இந்த நகல்கள் எப்படி உண்டாகின்றன, எவற்றைக் களையலாம், எவற்றில் கைவைக்கக் கூடாது என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம். சிறு நிறுவனங்களில் உதவிப் பக்கம் எழுதும் பொறுப்பு வேறு வேலைக்கு நடுவே யாரோ ஒருவர் தலையில் விழுகிறது. இதை முக்கியமாக அவர்களுக்காகவே எழுதுகிறோம்.

நகலை யாரும் திட்டமிட்டு உண்டாக்குவதில்லை. வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர் ஒரு கேள்விக்குப் பதில் தேடுகிறார். பழைய கட்டுரை 'கணக்கு மீட்பு' என்ற தலைப்பில் இருக்கிறது. அவர் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று தேடியதால் கிடைக்கவில்லை. புதிதாக ஒன்றை எழுதிவிடுகிறார். அடுத்த பதிப்பு வெளியாகும்போது பழைய கட்டுரையை அப்படியே பிரதி எடுத்து இரண்டு வரி மாற்றி 'புதிய பதிப்புக்கு' என்று ஒன்று வருகிறது. ஆண்ட்ராய்டுக்கு ஒன்று, ஐபோனுக்கு ஒன்று, கணினிக்கு ஒன்று. பிழைச் செய்தி ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். ஒவ்வொன்றின் அடியிலும் அதே 'கேஷை அழித்துவிட்டு மறுபடி உள்நுழையவும்' ஏழு படிகளாக விரிகிறது. (கேஷ் என்பது செயலியோ உலாவியோ வேகத்துக்காகத் தற்காலிகமாகச் சேமித்து வைக்கும் தரவு.) எல்லாவற்றையும் விட மோசமானது 'அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்' பக்கம். தனித்தனிக் கட்டுரைகளில் இருக்கும் எல்லாவற்றின் சுருக்கமும் அங்கே இன்னொரு முறை இருக்கும். சுருக்கத்தைத் திருத்த யாருக்கும் நினைவு வராது. அந்தப் பக்கத்தில் பதில்களை எடுத்துவிட்டுக் கேள்விகளை மட்டும் விட்டு, ஒவ்வொன்றையும் உரிய கட்டுரைக்கு இணைத்தாலே பாதி முரண்பாடு தீர்ந்துவிடும் என்பது எங்கள் கருத்து.

மென்பொருள் மாறாமல் இருந்தால் நகல்களால் பெரிய தீங்கில்லை. ஆனால் மாறிக்கொண்டேதான் இருக்கிறது. ஆப்பிள் 2022-இல் மேக்ஓஎஸ் வென்ச்சுராவை வெளியிட்டபோது, 'சிஸ்டம் பிரிஃபரன்ஸஸ்' என்றிருந்ததை 'சிஸ்டம் செட்டிங்ஸ்' ஆக்கியது. பெயரோடு அமைப்பும் மாறியது: கட்டம் கட்டமாக இருந்த படவுருக்கள் போய், இடப்புறம் நீளப் பட்டியல் வந்தது. மேக்கில் இயங்கும் எந்த மென்பொருளானாலும், அனுமதி கொடுப்பது, மைக்ரோஃபோனை இயக்குவது என்று எழுதியிருந்த ஒவ்வொரு பாதையும் ஒரே நாளில் பழையதாயிற்று. பாதையை ஒரே இடத்தில் வைத்திருந்தவர்களுக்கு அது ஒரு திருத்தம். நூறு பக்கங்களில் தூவி வைத்திருந்தவர்களுக்கு நூறு திருத்தம். நூற்றில் சில நிச்சயம் விடுபடும்.

இப்போது இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. பல நிறுவனங்களில் வாடிக்கையாளரின் கேள்விக்கு முதலில் பதில் சொல்வது சாட்பாட். அது உதவிப் பக்கங்களைத் தேடி, கிடைத்த பத்தியிலிருந்து பதிலை அமைக்கிறது. இரண்டு பக்கங்கள் முரணாக இருந்தால் எது கையில் கிடைக்கிறதோ அதைச் சொல்லும், அதுவும் தயக்கமே இல்லாத குரலில். மனிதர் படித்தால் 'இந்தப் பக்கம் பழசுபோல் இருக்கிறதே' என்று திரையின் படத்தைப் பார்த்தாவது ஊகிப்பார். சாட்பாட் தரும் பதிலில் அந்தத் தடயமும் மிஞ்சாது.

களையும் வேலையை எங்கே தொடங்குவது? ஒரே வாக்கியம் இரண்டு முறை வருகிறதா என்று தேடுவதில் தொடங்கக் கூடாது. வாசகர் முடிக்க நினைக்கும் வேலை எது என்பதே அளவுகோல். ஒரு விரிதாளில் வரிக்கு ஒரு கட்டுரையாக எல்லாவற்றையும் பட்டியலிடுங்கள். தலைப்பு, முகவரி, வேலை, பதிப்பு, சாதனம், பொறுப்பாளர், கடந்த 90 நாள் பார்வைகள், கடைசியாகச் சரிபார்த்த தேதி ஆகியவை நெடுவரிசைகள். இதில் 'வேலை' என்ற நெடுவரிசைதான் உயிர். தலைப்பை அங்கே ஒட்டாமல், கட்டுரையைப் படித்துவிட்டு 'கடவுச்சொல்லை மாற்று', 'புதிய போனுக்குக் கணக்கைக் கொண்டுபோ' என்று வினையாக நிரப்ப வேண்டும். 'உள்நுழைவில் சிக்கலா?', 'கணக்கு முடங்கியதா?', 'பாஸ்வேர்டு மறந்ததா?' என்ற மூன்று தலைப்புகளும் அகர வரிசையில் மூன்று மூலைகளில் நிற்கும். வேலைப்படி வரிசைப்படுத்தினால் மூன்றும் அடுத்தடுத்து வந்து உட்காரும்.

சரிபார்த்த தேதியும் திருத்திய தேதியும் ஒன்றல்ல. நேற்று ஒருவர் எழுத்துப்பிழை திருத்தியிருந்தால் கட்டுரை நேற்றுப் புதுப்பிக்கப்பட்டதாகத் தெரியும். படிகளை மென்பொருளில் செய்து பார்த்து இரண்டு ஆண்டு ஆகியிருக்கலாம். பட்டியலில் வேண்டியது செய்து பார்த்த தேதி.

நகல்களைப் பிடிக்க விரிதாள் முதல் வலை என்றால், இரண்டாவது வலை உரைத் தேடல். 'அமைப்புகள் > கணக்கு > பாதுகாப்பு' போன்ற மெனுப் பாதை, பொத்தானின் பெயர், பிழைச் செய்தி, '25 எம்பி' போன்ற வரம்பு ஆகியவற்றை மேற்கோளிட்டுத் தேடினால் எங்கெங்கே நகல் இருக்கிறது என்று தெரிந்துவிடும். தமிழில் இந்தத் தேடல் சில சமயம் ஏமாற்றும். 'கொ' என்ற எழுத்தை, கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும்: ககரமும் ஒகரக் குறியும் என இரண்டு குறியீடுகளாக, அல்லது ககரம், ஒற்றைக்கொம்பு, கால் என மூன்று குறியீடுகளாக. திரையில் இரண்டும் ஒன்றே. ஆனால் குறியீடு குறியீடாக ஒப்பிடும் கருவிக்கு அவை வெவ்வேறு சொற்கள். 'கொடுக்கவும்', 'தொடவும்', 'மொழி', 'பொத்தான்' என்று உதவிக் கட்டுரைகளில் ஒகரம் ஏராளம் என்பதால், நகல்கள் கண்ணுக்கு முன்னால் இருந்தும் தேடலில் சிக்காமல் போகும். ஒப்பிடுவதற்கு முன் எல்லாக் கோப்புகளையும் யூனிகோடு வரையறுத்த என்எஃப்சி என்ற ஒரே இயல்பு வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகளையும் அதே சுற்றில் நீக்குங்கள். கால் வரவேண்டிய இடத்தில் 'ர' தட்டியிருப்பதும் உண்டு. அது மட்டும் கண்ணால் பார்த்துத்தான் அகப்படும்.

நகல்கள் ஒரு கூட்டமாகத் தெரிந்த பிறகு, எதை மூலமாக வைப்பது என்ற கேள்வி வரும். அதிகம் பார்க்கப்பட்டதை வைக்கலாம், நன்றாக எழுதப்பட்டதை வைக்கலாம் என்பார்கள். இரண்டும் சரியான அளவுகோல் இல்லை. புதிதாக ஒரு சாதாரணக் கணக்கு தொடங்கி, ஒவ்வொரு நகலின் படிகளையும் செய்து பாருங்கள். நிர்வாகிக் கணக்கில் செய்து பார்ப்பது வீண். மற்றவர்களுக்குத் தெரியாத மெனுக்கள் அதில் தெரியும். எது இறுதிவரை ஓடுகிறதோ அதுவே மூலம். பிறகு மற்ற நகல்களை உடனே அழிக்காமல், மூலத்தில் இல்லாத வாக்கியங்களை மட்டும் ஒவ்வொன்றிலிருந்தும் பொறுக்கி எடுங்கள். 'குறுஞ்செய்தி வராவிட்டால் 60 விநாடி காத்திருந்து மறுபடி கேட்கவும்' என்று ஒரு நகலில் மட்டும் இருந்தால், எப்போதோ யாரோ அந்த இடத்தில் மாட்டிக்கொண்டு கேட்டதால்தான் அது அங்கே வந்திருக்கும். அவசரப்பட்டு நீக்குபவர்கள் இழப்பது இதைத்தான்.

அடுத்து, ஒரே கட்டுரைக்குள் கலந்து கிடப்பதைப் பிரிக்க வேண்டும். ஐபிஎம் உருவாக்கி, 2005-இல் ஓயாசிஸ் அமைப்பு தரமாக ஏற்ற டீட்டா என்ற ஆவண முறை, தொழில்நுட்ப எழுத்தை அடிப்படையில் மூன்றாகப் பிரிக்கிறது: ஒன்று என்ன என்று விளக்குவது, எப்படிச் செய்வது என்று படிப்படியாகச் சொல்வது, எண்ணும் வரம்பும் பட்டியலும் தருவது. டீட்டாவையே பயன்படுத்த வேண்டும் என்று சொல்ல வரவில்லை. சிறு குழுவுக்கு அது பெருஞ்சுமை. அந்தப் பிரிவினை மட்டும் எந்தக் கருவியிலும் உதவும். ஜிமெயிலில் கோப்பு இணைப்புக்கு 25 எம்பி வரம்பு என்ற செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 'கோப்பை எப்படி இணைப்பது', 'மின்னஞ்சல் போகவில்லை', 'பெரிய கோப்பை எப்படி அனுப்புவது' என்று மூன்று கட்டுரைகளிலும் அது இயல்பாகவே எட்டிப் பார்க்கும். இத்தகைய எண்களுக்கெல்லாம் 'வரம்புகள்' என்று ஒரே அட்டவணை வைத்துக்கொண்டு, கட்டுரைகள் அதிலிருந்து எண்ணை எடுத்துக் காட்ட வேண்டும். கருவி அதற்கு இடம் தராவிட்டால், எண்ணை எழுதாமல் அட்டவணைக்கு இணைப்புக் கொடுங்கள். நாள்பட நாள்பட அதிகம் பொய்யாகிப்போவது எண்கள்தான்.

மூலம் ஒன்றாகிவிட்டது. அதே படிகள் வேண்டியிருக்கும் மற்றக் கட்டுரைகளை என்ன செய்வது? மூன்று வழிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி இடம் இருக்கிறது. இணைப்புக் கொடுத்து அனுப்புவது முதல் வழி. மூலத்திலிருந்து அந்தப் படிகளை ஒரு துண்டாக அப்படியே உள்ளே இழுத்துக் காட்டுவது இரண்டாவது. தெரிந்தே மறுபடி எழுதுவது மூன்றாவது.

நகலை ஒழிக்கக் கிளம்புபவர்கள் பெரும்பாலும் முதல் வழியிலேயே மயங்கிவிடுகிறார்கள். எல்லாம் ஓரிடத்தில் இருக்கிறது, மற்றவை இணைப்பு என்றால் எழுதுபவருக்கு நிம்மதி. வாசகர் பாடு வேறு. நான்காம் படியில் 'கேஷை அழிக்கவும். விவரத்துக்கு இங்கே பார்க்கவும்' என்று அனுப்பினால், போன இடத்தில் 'முதலில் உலாவியைப் புதுப்பிக்கவும்' என்று இன்னொரு இணைப்பு இருக்கும். திரும்பி வரும்போது எந்தப் படியில் விட்டோம் என்பது மறந்திருக்கும். போனில் படிப்பவருக்குத் திரும்பி வரும் வழியே தெரியாமல் போகலாம். தலையைச் சுற்றி மூக்கைத் தொட வைக்கிற வேலை இது. இணைப்பு பொருந்தும் இடம் கட்டுரையின் தொடக்கம்: 'தொடங்கும் முன்' என்ற பகுதியில், பலர் ஏற்கெனவே செய்து முடித்திருக்கக்கூடிய முன்வேலைகளுக்கு. கட்டுரையின் முடிவில், அடுத்து என்ன செய்யலாம் என்பதற்கும் பொருந்தும். படிகளுக்கு நடுவே கூடாது.

நடுவே வரவேண்டிய பொதுப் படிகளுக்கு உரியது இரண்டாம் வழி. விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளில் இதற்கு வார்ப்புரு. டீட்டாவில் இதற்கென்றே ஒரு குறிப்பு முறை. ஆஸ்கிடாக், ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் என்ற ஆவணக் குறிமுறைகளில் ஒரு கோப்பை இன்னொன்றுக்குள் சேர்க்கும் கட்டளை. நிறுவனங்கள் ஆவணங்களை வைத்துக்கொள்ளும் கான்ஃபுளுயன்ஸ் தளத்தில் ஒரு பக்கத்தின் பகுதியை வேறு பக்கத்தில் காட்டும் மேக்ரோ. எளிய குறிகளால் உரையை வடிவமைக்கும் மார்க்டவுன் முறையின் அடிப்படை வடிவில் இது இல்லை. தளத்தை உருவாக்கும் கருவியின் நீட்சியை நம்ப வேண்டியிருக்கும். வேர்டு கோப்பாகவே கையேடு வைத்திருப்பவர்களுக்கும் வழி உண்டு: இன்க்ளூட்டெக்ஸ்ட் என்ற புலம் வேறொரு கோப்பின் உரையை இழுத்துக் காட்டும். அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது; முழுவதையும் தேர்ந்தெடுத்து எஃப்9 அழுத்த வேண்டும். பிடிஎஃப் எடுப்பதற்கு முன் இதை மறந்தால் பழைய படியே அச்சாகும்.

இதை ஒழுங்காகச் செய்திருக்கும் ஒரு திட்டத்தை யாரும் திறந்து பார்க்கலாம். லிப்ரெஆஃபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளின் உதவிக் கோப்புகளில் ரைட்டர், கால்க் என்று செயலிவாரியாகக் கோப்புறைகளும், எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு கோப்புறையும் இருக்கின்றன. 'இந்த வசதியை எந்த மெனுவில் அடைவது' என்ற வரிகள் ஒவ்வொரு பக்கத்திலும் எழுதப்படுவதில்லை. மெனுவாரியாகத் தனிக் கோப்புகளில் வைத்து, பக்கங்கள் அவற்றை இழுத்துக்கொள்கின்றன. ஒரு மெனு இடம் மாறினால் திருத்த வேண்டிய இடம் ஒன்று. விசைப்பலகைக் குறுக்குவழி வரும் இடங்களில், மேக்கில் படிப்பவருக்கு 'கமாண்ட்' என்றும் மற்றவர்களுக்கு 'கண்ட்ரோல்' என்றும் தெரிய நிபந்தனை போட்டிருக்கிறார்கள். மொசில்லாவின் உதவித் தளமும் வாசகரின் இயங்குதளம், ஃபயர்பாக்ஸ் பதிப்பு ஆகியவற்றுக்கு ஏற்பப் படிகளைக் காட்டவும் மறைக்கவும் செய்கிறது. வாசகர் விரும்பினால் தாமே மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் பொதுத் துண்டு எழுதுவதில் தவறுகள் மலிந்திருக்கின்றன. துண்டு எந்தக் கட்டுரைக்குள் போனாலும் தன் காலில் நிற்க வேண்டும். 'மேலே சொன்னபடி', 'முந்தைய படத்தில் உள்ளதுபோல்', '3-ஆம் படிக்குச் செல்லவும்' என்று அதில் வரக் கூடாது; போகும் இடத்தில் மேலே என்ன இருக்கும் என்று தெரியாது. அரை வாக்கியத்தைத் துண்டாக்கக் கூடாது. மொழிபெயர்ப்பாளர் கைக்கு அது தனியாகத்தான் போகும். எழுவாய் இல்லாமல் வரும் அரை வரியை அவர் எப்படி முடிப்பார்? எந்தத் திரையில் தொடங்குகிறது, எந்தத் திரையில் முடிகிறது என்பது துண்டுக்குள்ளேயே தெரிய வேண்டும். துண்டுக்குள் துண்டு ஓரடுக்குக்கு மேல் வேண்டாம். பெயரை வேலையை வைத்து இடுங்கள்: 'உலாவி-கேஷ்-அழி' என்பது ஐந்து ஆண்டு கழித்தும் புரியும், 'பொது-குறிப்பு-2' அடுத்த மாதமே புரியாது.

ஒரு சின்ன இடத்தில் பலரும் தடுக்கி விழுகிறார்கள், விளக்கமாகவே சொல்லிவிடுகிறோம். எண்ணிட்ட படிகளுக்கு நடுவே துண்டை இழுத்தால், அதற்குப் பிறகு வரும் படி மறுபடி 1 என்று தொடங்கிவிடும். மீடியாவிக்கியில், எண்ணிட்ட வரிகளுக்கு நடுவே ஒரு வெற்று வரி நுழைந்தாலே போதும், எண் அறுந்துவிடும். வார்ப்புருவின் முடிவில் தெரியாமல் விட்ட ஒரு வரி இடைவெளி அதைச் செய்துவிடும். மார்க்டவுனில் சிக்கல் உள்தள்ளல். படியின் எண், புள்ளி, இடைவெளி என்று வருவதால், 1 முதல் 9 வரையுள்ள படிகளுக்குக் கீழே வரும் பத்தி மூன்று இடைவெளி உள்ளே தள்ளி இருக்க வேண்டும். 10-ஆம் படிக்கு எண்ணே ஈரிலக்கம். நான்கு இடைவெளி வேண்டும். மூன்று இடைவெளியோடு எழுதிய துண்டு ஒன்பதாம் படிவரை ஒழுங்காக உட்கார்ந்துவிட்டு, பத்தாவதில் பட்டியலை விட்டு வெளியே குதிக்கும். எழுதியவர் முதல் சில பக்கங்களை மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று நினைத்துக்கொள்வார். துண்டை எப்போதும் நான்கு இடைவெளியில் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை.

தமிழுக்கே உரிய இன்னொரு தொல்லை வேற்றுமை உருபு. மெனுப் பெயரையோ பொருளின் பெயரையோ மாறியாக, அதாவது கருவி தானே நிரப்பும் வெற்றிடமாக வைத்து, தேவையான இடத்தில் நிரப்பச் சொன்னால், 'கணக்குகள்ஐ திறக்கவும்', 'படம்ஐ தேர்ந்தெடுக்கவும்' என்று வந்து நிற்கும். 'கணக்குகளை', 'படத்தை' என்று பெயரின் ஈறு மாறவேண்டும் என்பது கருவிக்குத் தெரியாது. பெயரை மேற்கோளுக்குள் அப்படியே நிற்கவிட்டு, உருபை வேறு சொல்லின் மேல் ஏற்றுவதே வழி: ''படம்' என்பதைத் தொடவும்', ''கணக்குகள்' பகுதிக்குச் செல்லவும்'. கொஞ்சம் விறைப்பாக இருக்கும். எல்லாப் பெயருக்கும் பொருந்தும். கட்டளையின் தொனியையும் முன்பே முடிவு செய்யுங்கள். கட்டுரை முழுக்க 'அழுத்துங்கள்' என்று போய்க்கொண்டிருக்கையில், இழுத்துவந்த நான்கு வரி மட்டும் 'அழுத்தவும்' என்று வந்தால் ஒட்டுப்போட்டது பளிச்சென்று தெரியும். பொத்தானின் பெயரை மட்டும் எந்தத் தொனிக்காகவும் மாற்றக் கூடாது: திரையில் 'சேமி' என்று இருந்தால் உதவிப் பக்கத்திலும் 'சேமி'தான். மென்பொருளின் மொழிபெயர்ப்புக் கோப்பிலிருந்தே பொத்தான் பெயர்களை எடுத்துக்கொண்டால் இந்தப் பிசகு வராது.

மொழிபெயர்ப்பைப் பற்றிப் பேசும்போது செலவையும் சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பு நினைவகம் உள்ள கருவிகள், ஏற்கெனவே மொழிபெயர்த்த வாக்கியம் எழுத்து மாறாமல் மறுபடி வந்தால் பழையதை எடுத்துத் தந்துவிடும். அச்சாக ஒன்றாக இருக்கும் நகலால் அங்கே நஷ்டம் குறைவு. 'கிளிக் செய்யவும்' என்று ஓரிடம், 'அழுத்தவும்' என்று ஓரிடம், 'தட்டவும்' என்று ஓரிடம் இருக்கும் நகல்களே பணத்தைத் தின்பவை. ஒவ்வொன்றும் அரைகுறைப் பொருத்தமாக வந்து, ஒவ்வொரு மொழியிலும் ஒரு மனிதரின் பார்வையைக் கேட்கும்.

நிபந்தனைகளைப் பொறுத்தவரை, ஆசைக்கு ஓர் அளவு வேண்டும். ஆண்ட்ராய்டு, ஐபோன், கணினி என மூன்று. இலவசம், கட்டணம் என இரண்டு. பயனர், நிர்வாகி என இரண்டு. ஒரே கட்டுரைக்குள் எல்லாவற்றையும் நிபந்தனையாக அடைத்தால் 12 வடிவங்கள். பன்னிரண்டையும் யார் படித்துச் சரிபார்ப்பது? படிகளில் பாதிக்கு மேல் வேறுபட்டால் தனிக் கட்டுரையாகப் பிரித்துவிடுவதே மேல். அதை நகல் என்று எண்ண வேண்டியதில்லை, வேலையே வேறு.

மூன்றாம் வழியான மறுபடி எழுதுவதற்கும் மரியாதையான இடம் உண்டு. ஒன்றிரண்டு படிகளுக்காகத் துண்டு உண்டாக்குவது வீண் சிரமம், எழுதிவிடுங்கள். தரவு அழிந்துபோகும் என்ற எச்சரிக்கை, அந்தப் படிக்கு நேர் முன்னால் ஒவ்வொரு கட்டுரையிலும் கட்டாயம் இருக்க வேண்டும். அதை இணைப்புக்குப் பின்னால் ஒளிப்பது தவறு. உள்நுழைய முடியாதவருக்கான பக்கம், உள்நுழைந்தால் மட்டுமே திறக்கும் இன்னொரு பக்கத்துக்கு அனுப்பக் கூடாது. வேண்டியதெல்லாம் அங்கேயே இருக்கட்டும். இணைய இணைப்பு அறுந்தவருக்கான பக்கமும் அப்படியே. அவர் அதைச் சேமித்தோ அச்சிட்டோதான் வைத்திருக்க முடியும்.

நீக்கிய பக்கங்களின் முகவரிகளை அந்தரத்தில் விடக் கூடாது. நிரந்தர வழிமாற்று, அதாவது 301 என்ற குறியீடு, புதிய பக்கத்துக்குக் கொண்டுபோக வேண்டும். தளத்தின் முகப்புக்கு அல்ல. கடவுச்சொல் பற்றிய பழைய முகவரியைத் தட்டியவர் முகப்பில் போய் விழுந்தால், பக்கம் இல்லை என்று சொன்னதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. வழிமாற்றின் மேல் வழிமாற்று சேரவிடாதீர்கள். மீடியாவிக்கி தன் இயல்பு நிலையில் இரண்டாவது தாவலைச் செய்யாது, வாசகர் நடுவழியில் நிற்பார். ஏதோ காரணத்தால் இரண்டு பக்கங்களும் இருந்தே ஆகவேண்டும் என்றால், மூலம் எது என்று தேடுபொறிக்குச் சொல்லும் 'கனானிக்கல்' குறிச்சொல் இருக்கிறது. கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து 2009-இல் கொண்டுவந்தது. அது தேடுபொறிக்கான குறிப்பு மட்டுமே. பக்கத்தைத் திறந்து படிப்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. முரண்பாடு அப்படியே இருக்கும்.

வெளியிலிருந்து வரும் இணைப்புகளையும் தேடுங்கள். மின்னஞ்சல் வார்ப்புகள், சேவைப் பிரிவில் ஒட்டித் தரும் தயார் பதில்கள், காணொளிக்குக் கீழுள்ள குறிப்பு. எல்லாவற்றையும் விட முக்கியம், மென்பொருளுக்குள் இருக்கும் 'உதவி' பொத்தான். ஏற்கெனவே வெளியாகிப் பயனர் கணினியில் இருக்கும் பதிப்பில் அந்த முகவரியை மாற்ற முடியாது. பொத்தானுக்குக் கட்டுரையின் முகவரியை நேரடியாகக் கொடுக்காமல், மாறாத ஓர் எண்ணைக் கொண்ட இடைமுகவரியைக் கொடுத்து, அதை எந்தக் கட்டுரைக்கும் திருப்பிவிடும் வசதி முதலிலேயே இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த பதிப்பிலாவது செய்யச் சொல்லுங்கள்.

கட்டுரைகளில் போடும் திரையின் படங்களும் நகலாகும். ஒரே திரையை ஐந்து பெயர்களில் ஐந்து முறை பதிவேற்றியிருப்பார்கள். ஒரு திரைக்கு ஒரு கோப்பு, மாறினால் அதே பெயரில் மேலெழுதுவது, படத்துக்குள் எழுத்து சேர்க்காமல் இருப்பது: இவ்வளவே.

இத்தனையும் செய்து முடித்த பிறகு வரும் ஆபத்து நேர் எதிரானது. முன்பு ஒரு பக்கத்தில் செய்த தவறு அந்தப் பக்கத்தோடு நின்றது. இப்போது பொதுத் துண்டில் செய்யும் தவறு, அதை இழுக்கும் எல்லாப் பக்கங்களிலும் ஒரே நொடியில் தெரியும். நிர்வாகிக்கான கட்டுரையைத் திருத்த வந்தவர் 'நிர்வாகியாக உள்நுழையவும்' என்று துண்டில் ஒரு வரி சேர்த்தால், சாதாரணப் பயனர்கள் படிக்கும் பக்கங்களிலும் அது வந்துவிடும். துண்டைத் தொடும் முன் அது எங்கெங்கே பயன்படுகிறது என்ற பட்டியலைப் பார்ப்பது கட்டாயமாக இருக்க வேண்டும். விக்கியில் 'இப்பக்கத்தை இணைத்தவை' அதைக் காட்டிவிடும், கோப்புகளாக இருந்தால் துண்டின் பெயரைத் தேடினால் போதும். துண்டைத் திருத்தும் உரிமையை இரண்டு மூன்று பேருக்குள் வைத்துக்கொள்வது நல்லது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் புரட்டிப் பார்ப்போம் என்ற திட்டங்களில் எங்களுக்கு நம்பிக்கையில்லை. மென்பொருள் நாட்காட்டியைப் பார்த்து மாறுவதில்லை. ஒவ்வொரு வெளியீட்டின்போதும், மாறிய பொத்தான்களின் பெயர்ப் பட்டியலை நிரலாளர்களிடம் கேட்டு வாங்கி, அந்தப் பெயர்களை உதவிப் பக்கங்களில் தேடுங்கள்.

தங்கள் பத்திரிகையிடமும் பிற பத்திரிகைகளிடமும் ஒரு வேண்டுகோள். செயலிக் குறிப்புகளை வெளியிடும்போது, எந்தப் பதிப்பில், எந்த மாதம் செய்து பார்த்தது என்பதைக் கீழே ஒரு வரியில் அச்சிடுங்கள். இணையப் பதிப்பில், 'வாட்ஸ்அப் அரட்டையைப் புதிய போனுக்கு மாற்றுவது எப்படி' என்று ஆண்டுதோறும் புதிய கட்டுரை போடுவதற்குப் பதில், பழைய கட்டுரையையே திருத்தி அதே முகவரியில் வைத்துத் தேதியை மாற்றுங்கள். நான்கு ஆண்டுக் கட்டுரைகள் நான்கும் தேடலில் வரும்போது, வாசகர் எதைத் திறப்பார் என்பது நம் கையில் இல்லை.

வாசகர்களிடமும் ஒன்று கேட்கலாம். பக்கத்தின் அடியில் 'இது உதவியாக இருந்ததா?' என்ற பெட்டியில் 'இல்லை' என்பதை மட்டும் அழுத்தினால் எழுதியவருக்கு ஒன்றும் தெரியாது. எத்தனையாவது படி, அங்கே உங்கள் திரையில் இருந்த சொல் என்ன, செயலியின் பதிப்பு எண் என்ன என்று ஒரே வரி எழுதுங்கள். அந்தச் சொல்லை வைத்துத் தேடினால் மற்ற நகல்களும் அகப்படும்.

இப்படிக்கு,
மென்பொருள் உதவிக் கட்டுரை எழுத்தாளர்கள் சிலர்